கடையின் முகத்தை மூடுவானேன்?

கோயில் நகரம் ஒன்றிலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழு நிறைவேற்றிய தீர்மானம் ஒன்று அண்மையில் நமது பார்வைக்கு வந்தது. பெரிய கடை வீதியில் சங்கத்துக்குச் சொந்தமாக உள்ள விற்பனை நிலையத்தின் முகப்பை நவீன முறையில் மாற்றியமைப்பதென்றும், அதற்காகும் செலவைக் கட்டிட நிதியிலிருந்து எடுத்துக்கொள்ள இசைவு வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் வரைந்து கொடுத்த வண்ணப் படம் ஒன்றும் கூடவே இணைக்கப்பட்டிருந்தது. படத்தில் பழைய கட்டிடத்தைக் காணோம். தரையிலிருந்து கைப்பிடிச் சுவர் வரையில் சிவப்பும் வெள்ளி நிறமுமான ஏ.சி.பி. தகடு, நடுவே ஒரு கண்ணாடிக் கதவு, தலைக்கு மேல் மின்விளக்கு எழுத்துக்கள். அதைச் செருப்புக் கடை என்றாலும் நம்பலாம். கைபேசிக் கடை என்றாலும் நம்பலாம். கைத்தறிச் சேலை விற்கும் இடம் என்று மாத்திரம் எவரும் சொல்லார்.

கணக்கைப் பார்க்கும் வேலை ஆய்வாளருக்குப் போதாதா, கட்டிடத்தின் தோற்றத்தில் இவருக்கு என்ன அக்கறை என்று அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் முகப்புக்குப் போகும் பணமும் கணக்கில் வரும் பணந்தானே! மதிப்பீட்டுத் தொகையை நாம் கூட்டிப் பார்த்தோம். அச்சங்கத்தின் தறிகளுக்கு ஏறக்குறைய இரண்டு மாத காலத்துக்குப் பாவும் ஊடையும் வாங்கிக் கொடுக்க அது போதும். ஆகவே, நேரில் போய்ப் பார்த்துவிட்டே குறிப்பெழுதுவது என்று முடிவு செய்தோம்.

கட்டிடம் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்டது. கைப்பிடிச் சுவரின் நடுவே சுதையில் செய்த இராட்டை ஒன்றும், அதன் கீழே 1941 என்ற எண்ணும் இருக்கின்றன. கடைக்கு இரும்புச் சுருள் கதவு கிடையாது. நிலையில் வெட்டிய காடி வழியே ஒன்றன்பின் ஒன்றாகச் செருகும் பதினொரு தேக்குப் பலகைகளே கதவு. எந்தப் பலகை எந்த இடத்துக்குரியது என்பது தெரிவதற்காக, ஒவ்வொன்றின் உட்புறத்திலும் உளியால் எண் வெட்டியிருக்கிறார்கள். வாயிலின் இருபுறமும் திண்ணை. அதற்கு மேல் ஓட்டுச் சாய்ப்பு. திண்ணையில் உட்கார்ந்திருந்த மூத்த அங்கத்தினர் ஒருவர், “எங்கள் அப்பா செங்கல் சுமந்த கட்டிடம், ஐயா. அப்போது கூலி கேட்டவர் ஒருவருமில்லை” என்றார்.

நாம் அங்கிருந்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை ஒரே காட்சியைக் கண்டோம். சேலை வாங்க வந்த அம்மையார், உள்ளே குழல்விளக்கின் கீழ் விரித்துக் காட்டியதைக் கையில் எடுத்துக்கொண்டு வாயிலுக்கு வந்து, திண்ணையோரத்தில் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரக்குக்கும் மாம்பழ நிறத்துக்கும் உண்மையான சாயல் அங்கேதான் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நமது நெசவாளருக்கும் தெரியும். வண்ணப் படத்தின்படி அந்தத் திண்ணை இடிக்கப்படும். வாயில் கறுத்த கண்ணாடியால் அடைபடும்.

நிர்வாகத் தரப்பில் கூறியதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். “எதிர்ச் சாரியில் தனியார் கடை பளபளவென்று நிற்கிறது. இளம் பெண்கள் நேரே அங்கே நுழைகிறார்கள். நம் கடையைத் தாண்டிப் போன பிறகு, சங்கத்தின் கடை எங்கே என்று நம்மிடமே கேட்கிறார்கள்” என்றார் தலைவர். அவர் பொய் சொல்லவில்லை. நாமும் முதலில் கடையைத் தாண்டிச் சென்றுவிட்டே திரும்பி வந்தோம். ஆனால் கடை கண்ணுக்குப் படாததன் காரணம் என்ன? சென்ற ஆண்டின் தீபாவளித் தள்ளுபடி விளம்பரத் துணி. அதன் மேல் பொங்கல் தள்ளுபடி. அதன் மேல் ஒரு தேர்தல் வாழ்த்து. இராட்டையின் குறுக்கே கேபிள் கம்பிகளின் கற்றை. குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதி ஒன்று நேரே வாயிலின் தலைக்கு மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது. பெயர்ப் பலகையின் பாதியை ஒரு தகரச் சாய்ப்பு மறைக்கிறது. பழைய முகப்பால் வியாபாரம் கெட்டதென்று சொல்ல அங்கே வழியில்லை. பழைய முகப்பை வாடிக்கையாளர் எவரும் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இவ்விஷயத்தில் நமக்கும் ஒரு பழைய கடன் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில், வேறொரு மாவட்டத்தில், இதே போன்ற தீர்மானம் ஒன்று வந்தது. அப்போது நாம் கட்டிடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. விலைப்புள்ளிகள் மூன்றும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மாத்திரம் பார்த்து, “பரிந்துரைக்கலாம்” என்று எழுதினோம். திறப்பு விழாவில் மாலையும் போட்டுக்கொண்டோம். மூன்றாம் ஆண்டு மழைக்குப் பிறகு முன்னறையின் அலமாரிகளில் வைத்திருந்த சேலைக் கட்டுகளில் பழுப்புக் கறை கண்டது. தகட்டில் இரண்டைக் கழற்றிப் பார்த்தபோது, சுவர் முழுவதும் உப்புப் பூத்து, சுண்ணாம்புப் பூச்சு கைபட்ட இடத்தில் மாவாக உதிர்ந்தது. உத்திரத்தின் முனையில் கறையான். இருப்பில் கறைபட்ட சரக்கை அடக்க விலைக்கும் குறைத்துத் தள்ளிவிட நேர்ந்தது. அந்த நஷ்டம் அவ்வாண்டு அங்கத்தினருக்கு வரவேண்டிய போனஸில் போய் முடிந்தது. ஒப்பந்தக்காரரைக் குறை கூறுவது எளிது. குறிப்பில் இருந்தது நமது கையெழுத்து.

இதன் காரணத்தைப் பின்னர் கட்டிட வேலையறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நம் பழைய கடை வீதிகளிலுள்ள செங்கல் சுவர்களுக்கு அடியில் ஈரந்தடுக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இராது. தரையின் ஈரத்தைச் சுவர் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வெயிலும் காற்றும் உலர்த்தும். கோடைதோறும் வெள்ளையடிப்பது அழகுக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமல்ல. இப்படிப்பட்ட சுவரின் மேல் சிமெண்டைப் பூசினாலும், பிளாஸ்டிக் கலந்த வர்ணத்தைத் தீட்டினாலும், தகட்டைக் கொண்டு மூடினாலும், ஈரம் போக வழியின்றி மேலே ஏறும். அல்லது உட்புறமாக வெளிப்படும். தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்காகச் சுவரில் இடும் துளைகள் மழைநீர் புகுவதற்கு வேறு வழி செய்து கொடுக்கின்றன. சட்டம் துருப்பிடித்துப் பருக்கும்போது செங்கல் பிளக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஏ.சி.பி. தகடு என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே வேறொரு பொருளை வைத்து ஒட்டியது. மலிவான வகையில் அந்த இடைப்பொருள் பாலிதீன், அது எரியும். இலண்டனில் கிரென்ஃபெல் என்னும் அடுக்கு மாளிகையில் 2017-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பற்றிய தீ, இத்தகைய தகட்டுப் போர்வையின் வழியே மேலேறிப் பரவி 72 உயிர்களைக் குடித்தது. எரியாத இடைப்பொருள் கொண்ட தகடுகளும் விற்பனைக்கு உள்ளன, விலை அதிகம். நாம் பார்த்த மதிப்பீட்டில் எந்த வகை என்று குறிப்பிடவே இல்லை. உள்ளே கூரை வரையில் பருத்தியும் பட்டும் அடுக்கிய கடைக்கு, தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லாத வீதியில், எதைப் போர்த்துகிறோம் என்று கேட்காமல் பணம் கொடுக்கலாமா?

தகடு போர்த்திப் பார்த்து அனுபவப்பட்டவர்கள் நமக்கு முன்னரே இருக்கிறார்கள். அமெரிக்க நாட்டின் சிற்றூர்களில் பழைய செங்கல் முகப்புகளோடு கூடிய கடை வீதிகள் உண்டு. 1950-களிலும் 1960-களிலும் ஊருக்கு வெளியே மோட்டார் நிறுத்த வசதியோடு பெரிய விற்பனை வளாகங்கள் தோன்றி, வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டன. வீதிக் கடைக்காரர்கள் அஞ்சினர். தமது கடையும் அவ்வளாகம் போலவே தோன்றவேண்டுமென்று எண்ணி, மேல் மாடிச் சாளரங்களையும் சேர்த்து முகப்பு முழுவதையும் உலோகத் தகடுகளால் மூடினர். தகடு சமமாக உட்காரவேண்டுமென்பதற்காகச் சுவரில் துருத்திக்கொண்டிருந்த அலங்காரங்களைச் செதுக்கி எறிந்த இடங்களும் பல. ஆயினும் போன வாடிக்கை திரும்பவில்லை. வளாகத்தைப் போல் தோன்றும் கடைக்குப் போவதைவிட வளாகத்துக்கே போகலாம் என்றுதானே மக்கள் நினைப்பார்கள்? சில பத்தாண்டுகள் கழித்து, அவ்வூர்கள் பலவும் தகடுகளைப் பணங்கொடுத்துக் கழற்றின.

அந்நாட்டின் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை 1977-இல் கேல்ஸ்பர்க், மாடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் மூன்று ஊர்களில் கடை வீதிகளைச் சீர்படுத்தும் பரிசோதனை ஒன்றைத் தொடங்கியது. அதில் கூட்டுறவாளராகிய நாம் கவனிக்க வேண்டியது, முகப்பைத் திருத்துவது வேலையின் ஒரு பகுதியாக மட்டுமே வைக்கப்பட்டது என்பது. வீதியிலுள்ள கடைக்காரர்களை ஒன்று சேர்ப்பது, சேர்ந்து விளம்பரம் செய்வது, எந்தச் சரக்குக்கு அங்கே கிராக்கி என்று ஆராய்வது ஆகியவையும் சம முக்கியத்துவம் பெற்றன. 1982-இல் அந்நாட்டின் தேசியப் பூங்காத் துறை கடை முகப்புகளைச் செப்பனிடுவது பற்றிச் சிறு கையேடு ஒன்றை வெளியிட்டது. அதன் சாரம் நம் கொத்தனாருக்கும் புரியக்கூடியதே: உள்ளதைப் பழுது பார், பழுது பார்க்க இயலாததை மட்டும் மாற்று, மணலைப் பீச்சியடித்துச் செங்கல்லைச் சுத்தம் செய்யாதே, இல்லாத பழமையை இட்டுக்கட்டாதே. கடைசியாகச் சொன்னதை நம்மவர் சற்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபைபரில் யாளியும் தாமரையும் வார்த்து ஒட்டிவிட்டு, “பாரம்பரிய முகப்பு” என்று சொல்லும் கடைகளும் இப்போது பெருகி வருகின்றன.

கடை முகப்பைப் பற்றிப் பேசும்போது, நமது இயக்கத்தின் முதற் கடையை நினையாதிருப்பது எப்படி? ராச்டேல் நகரின் தேரை வீதியில் (டோட் லேன் என்பது அதன் பெயர்) 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் மாலையில், 28 பேர் 28 பவுன் மூலதனத்தோடு, ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குப் பிடித்த கிடங்கின் தரைத்தளத்தில் கடை திறந்தார்கள். அவர்களில் கம்பளித் துணி நெய்யும் நெசவாளரும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஓட்ஸ் மாவும் மெழுகுவர்த்தியுமே சரக்கு. கதவுப் பலகையை எடுத்தபோது தெருவில் நின்ற பையன்கள் கேலி செய்து சிரித்தார்கள் என்று அக்கதையை எழுதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சங்கம் வளர்ந்து 1867-இல் பெரிய மாளிகைக் கடைக்குப் போயிற்று. ஆயினும் பிற்காலக் கூட்டுறவாளர்கள் அந்தச் சிறு கடையை மறக்கவில்லை. அக்கட்டிடத்தைத் தேடித் திரும்பப் பெற்று, கடை அறையை 1844-இல் இருந்தவாறு அமைத்து, 1931-இல் காட்சிச் சாலையாகத் திறந்தனர். அந்தச் சிறிய செங்கல் முகப்பின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக இன்றும் பல நாட்டுக் கூட்டுறவாளர் போய் வருகின்றனர். இராட்டையும் ஆண்டும் பொறித்த சுவர், அச்சுவருக்குச் செங்கல் சுமந்தவர்களின் மக்கள் இன்னமும் அங்கத்தினராக உள்ள சங்கத்தில், அதைவிடக் குறைந்ததா?

அண்டையில் புதுச்சேரியில் நடந்ததையும் சுருக்கமாகக் கூறுவோம். அங்கே தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித் திட்டம் ஒன்றின் கீழ், இன்டாக் அமைப்பினர் வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு சுமார் இருபது கட்டிடங்களின் தெருமுகத்தைப் பழுது பார்த்தனர். திண்ணையும் மரத்தூண்களும் சாய்ப்பும் மீண்டன. யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது 2008-இல் அதற்குக் கிடைத்தது. அது பெரும்பாலும் வீடுகள் உள்ள தெரு; கடை வீதிக்குரிய நெருக்கடி அங்கில்லை என்பது உண்மை. ஆனால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் நம் பக்கத்தில் அடியோடு இல்லாமற் போய்விடவில்லை என்பதற்கு அது சான்று.

அப்படியானால், ஒன்றுமே செய்யாமல் அழுக்கோடு விட்டுவிடலாமா என்று கேட்கப்படும். கூடாது, அந்தக் கடைக்கு வேலை நிறைய இருக்கிறது. முதலில் விளம்பரத் துணிகளையும் தகரச் சாய்ப்பையும் அகற்றவேண்டும். இதற்கு ஏணியும் ஓர் ஆளின் ஒரு நாள் கூலியும் போதும். இதைச் செய்துவிட்டு ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாமே! கம்பிகளை ஒரு குழாய்க்குள் அடக்கிச் சுவரோரமாகக் கொண்டு போகலாம். குளிர்சாதனப் பெட்டிக்குக் கொல்லைப்புறச் சுவர் இருக்கிறது. சுதை வேலையைத் தண்ணீரும் நார்த் தூரிகையும் கொண்டு மெதுவாகக் கழுவவேண்டும்; அமிலம் கூடாது. உதிர்ந்த பூச்சை, ஊறவைத்த சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்துக் குழைத்த சாந்தால் நிரப்பிச் சுண்ணாம்பே அடிக்கவேண்டும். சிமெண்ட் வேண்டா.

பலகைக் கதவைக் கழற்றி எறியவேண்டியதில்லை. பகலில் பலகைகளை எடுத்துவிட்ட இடத்துக்கு உட்புறமாக, ஒரு முழம் தள்ளி, மரச்சட்டத்தில் கண்ணாடி பொருத்திக் காட்சி மாடம் அமைக்கலாம்; இரவில் பலகை வழக்கம்போல் செருகப்படும். புதுமை வேண்டுமென்று கேட்கும் தலைவரின் விருப்பமும் இதனால் நிறைவேறும். மாடத்தில் விளக்கு நல்லதாக இருக்கட்டும். நிறத்தைத் திரித்துக் காட்டும் நீல விளக்கு வேண்டா. அங்கே பத்துச் சேலைகளைக் குவிப்பதற்குப் பதில் ஒன்றை விரித்து, நெய்தவர் இசைந்தால் அவர் பெயரை அதன் கீழ் எழுதிவைக்கலாம். எதிர்ச் சாரிக் கடையால் அதைச் செய்ய இயலாது. படியேற முடியாத முதியவர்களுக்காக ஒரு பக்கத் திண்ணையோரம் சிறு சாய்தளம் கட்டலாம். பெயர்ப் பலகை, சாய்ப்புக்கும் சாளரத்துக்கும் இடையே முன்னோர் அதற்கென்றே விட்டு வைத்த பட்டையில் அடங்கவேண்டும். தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்கவேண்டும் என்பது கடைகளுக்கான விதிகளிலேயே உள்ளது. ஒப்பந்தக்காரரின் படத்தில் தமிழ் எழுத்து, ஆங்கிலத்தின் காலடியில் கட்டெறும்பு வரிசை போல் இருந்தது.

இவ்வளவையும் நாம் தலைவரிடமும் காரியதரிசியிடமும் சொன்னபோது, தலைவர் சிரித்துக்கொண்டே, “நீங்கள் மாற்றலாகிப் போய்விடுவீர்கள்; நாங்கள்தான் இங்கே கடை நடத்தவேண்டும்” என்றார். அதற்கு நம்மிடம் உடனே பதில் இல்லை. முகப்பைச் செப்பனிட்டதால் மட்டும் விற்பனை கூடும் என்று நாம் உறுதி கூறமுடியாது. மாலை ஏழரை மணிக்கு அக்கடை மூடப்படுகிறது. வேலை முடிந்து பெண்கள் கடை வீதிக்கு வருவதே அதன் பிறகுதான். இளையோர் விரும்பும் நிறங்களில் நெய்த சரக்கு குறைவு. இவை தகட்டால் தீரா, சுண்ணாம்பாலும் தீரா.

அதே சாரியில் நான்கு கடை தள்ளி விளைபொருள் விற்பனைச் சங்கத்தின் கிடங்கு இருக்கிறது. வண்டி நுழைவதற்கென்று அமைத்த அகன்ற வாயிலும், மாடு கட்டுவதற்கான இரும்பு வளையங்களும் இன்னும் அதில் உள்ளன. உழவர் அங்கத்தினர் மஞ்சளும் உளுந்தும் அங்கே கொண்டு வந்து போடுகிறார்கள். நெசவாளர் சங்கத்தின் வேலை முடிந்ததும் அதே ஒப்பந்தக்காரரிடம் தாமும் தகடு போட்டுக்கொள்வதாக அவர்கள் பேசி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். இரு சங்கங்களும் சேர்ந்து ஒரே கொத்தனாரையும் ஒரே தச்சரையும் அமர்த்தினால் செலவு இருவருக்கும் குறையும். இடையிலுள்ள மூன்று தனியார் கடைக்காரர்களில் ஒருவராவது சேர்ந்துகொள்வார் என்பது நம் எண்ணம். பாத்திரக் கடைக்காரர் ஏற்கெனவே விசாரித்தாராம்.

தீர்மானத்தை நாம் தள்ளுபடி செய்யவில்லை. அந்த அதிகாரமும் நமக்கில்லை. மூன்று கேள்விகளோடு மறு ஆலோசனைக்குத் திருப்பியிருக்கிறோம். தகட்டின் இடைப்பொருள் யாது? சுவரின் ஈரம் எவ்வழியே போகும்? சுண்ணாம்பும் தச்சு வேலையுமாகப் பழுது பார்க்க ஒரு மதிப்பீடு ஏன் வாங்கப்படவில்லை? பேரவைக் கூட்டம் அடுத்த மாதம் கூடுகிறது. அங்கத்தினர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குக் கலைந்துவிடாமல், இந்தப் பொருள் எடுத்துக்கொள்ளப்படும் வரையில் உட்கார்ந்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தச்சு வேலைக்கு மதிப்பீடு கேட்கும்போது, பலகைகளில் ஏழாம் எண்ணுள்ளது அடிமுனையில் உளுத்திருப்பதையும் சேர்த்துச் சொல்லவும்.